பதில் வந்துவிட்டது, பக்கம் திறக்கவில்லை

இட்லி மாவுக்கு அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு என்று கைப்பேசியில் தட்டினால், நாலுக்கு ஒன்று என்ற பதில் பெரும்பாலும் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஒரு கட்டத்துக்குள் வந்து நிற்கும். தேடியவர் போனை வைத்துவிட்டு அரிசியை அளக்கப் போகலாம். எந்தத் தளத்தையும் திறக்க வேண்டாம், பக்கம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த நாலுக்கு ஒன்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார். அவர் பக்கத்தில் அந்த எண் மட்டும் இருந்திருக்காது. இட்லி அரிசியா ரேஷன் புழுங்கல் அரிசியா, உளுந்து புதுசா பழசா, கிரைண்டரில் ஆட்டப் போகிறீர்களா மிக்ஸியிலா, மார்கழிக் குளிரில் மாவு பொங்காவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் கூடவே இருந்திருக்கும். உளுந்து பழசென்றால் ஒரு கைப்பிடி கூடப் போடச் சொல்லியிருப்பார். தேடியவருக்கு அளவு கிடைத்துவிட்டது. அந்த அளவை எப்போது மாற்ற வேண்டும் என்ற விவரம் கிடைக்கவில்லை. எழுதியவருக்கு, இப்படி ஒருவர் தன் எழுத்தைப் பயன்படுத்திக்கொண்டு போனார் என்பதே தெரியாது.

இணையத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஜீரோ கிளிக்' என்கிறார்கள். தேடல் நடக்கிறது, பதிலும் கிடைக்கிறது, ஆனால் வெளித்தளம் எதற்கும் ஒரு கிளிக் கூடப் போவதில்லை. இன்று கூகுளில் நடக்கும் தேடல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிகின்றன. வசதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த வசதி உண்மைதான். என் கவலை வேறு. அந்தக் கிளிக்தான் எழுதியவருக்குக் கிடைத்த கூலி. கூலி நின்றுவிட்டால் நாளைக்கு யார் எழுதுவார்கள்?

பழைய ஏற்பாடு

கூகுள் 1998இல் தொடங்கியபோது தளங்களுக்கும் தேடுபொறிக்கும் இடையில் எழுதப்படாத ஓர் ஏற்பாடு இருந்தது. தேடுபொறியின் நிரல் உங்கள் தளத்துக்குள் வந்து எல்லாப் பக்கங்களையும் இலவசமாகப் படித்துப் பட்டியல் போட்டுக்கொள்ளும். பதிலுக்கு, அந்தப் பொருளைத் தேடி வருகிறவரை உங்கள் வாசலில் கொண்டுவந்து விடும். வந்தவருக்கு நீங்கள் விளம்பரம் காட்டலாம், சந்தா கேட்கலாம், நன்கொடை கேட்கலாம், ஒன்றும் கேட்காமல் படிக்கவும் விடலாம். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இருபது ஆண்டுக் காலம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் இதை நம்பித்தான் எழுதினார்கள்.

கூகுளும் அப்படித்தான் சொன்னது. பங்குச் சந்தைக்கு வந்த 2004ஆம் ஆண்டில் நிறுவனர் லாரி பேஜ் ஒரு பேட்டியில், ஆட்களைத் தங்கள் பக்கத்திலிருந்து முடிந்தவரை சீக்கிரமாகச் சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பதுதான் தங்கள் நோக்கம் என்றார். அன்றைய தேடல் பக்கத்தை நினைவிருக்கிறவர்களுக்கு அது பொய்யாகப் படாது. நீல நிறத்தில் பத்து இணைப்புகள், கீழே இரண்டு வரி. பார்த்தோம், ஒன்றை அழுத்தினோம், போய்விட்டோம்.

மாற்றம் படிப்படியாக வந்தது. கணக்குப் போட்டுச் சொல்வது, நாணய மாற்று விகிதம், வானிலை எல்லாம் முதலில் வந்தன. 2007இல் படங்கள், காணொளிகள், செய்திகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்டத் தொடங்கினார்கள். 2012 மே மாதம் 'நாலெட்ஜ் கிராஃப்' வந்தது. அதுவரை தேடுபொறிக்கு 'தாஜ்மஹால்' என்பது வெறும் எழுத்துகளின் வரிசை. இதற்குப் பிறகு அது ஆக்ராவில் இருக்கிற, ஷாஜகான் கட்டிய ஒரு கட்டடம் என்று தெரியும். தொடங்கிய அன்றே 50 கோடிப் பொருள்களும் அவற்றைப் பற்றிய 350 கோடிக்கு மேற்பட்ட தகவல்களும் அதில் இருப்பதாகக் கூகுள் சொன்னது. எங்கிருந்து வந்தன? 2010இல் விலைக்கு வாங்கிய ஃப்ரீபேஸ் என்ற திறந்த தரவுத்தளம், விக்கிப்பீடியா, அமெரிக்க உளவுத்துறை வெளியிட்டுவந்த உலகத் தகவல் நூல் என்று பல இடங்களிலிருந்து. அப்புறம் 2014 வாக்கில், ஏதாவது ஒரு தளத்திலிருந்து ஒரு பத்தியை வெட்டி உச்சியில் வைக்கும் கட்டம் வந்தது. நம் இட்லிக் கணக்கு வந்து நிற்பது அந்த மாதிரிக் கட்டத்தில்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லண்டனில் இப்போது மணி என்ன, 17ஐ 23ஆல் பெருக்கினால் என்ன வரும் என்பதற்கெல்லாம் யாருடைய தளத்துக்கும் போகத் தேவையில்லை. அந்தப் பதிலுக்காக யாரும் பாடுபடவில்லை. கிரிக்கெட் ஸ்கோரைப் பணம் கொடுத்து வாங்கிக் காட்டினால் அதுவும் சரிதான். ஜீரோ கிளிக் என்று மொத்தமாகச் சொல்லும்போது இவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. சிக்கல் வருவது, ஒருவர் நேரமும் பணமும் போட்டுக் கண்டுபிடித்த பதிலை எடுத்து வைக்கும்போது.

கையும் களவுமாக

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் பிரையன் வார்னர். பிரபலங்களின் சொத்து மதிப்பு எவ்வளவு என்று சொல்லும் ஓர் அமெரிக்கத் தளத்தை நடத்தியவர். கேட்க அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நடிகரின் சொத்து மதிப்பு எங்கேயும் தயாராகக் கிடைக்காது. ஆள் வைத்து, ஆவணங்களைப் பார்த்து, விசாரித்து, கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணுக்கு வர முடியும். 2014இல் அந்தத் தரவைத் தங்களுக்குத் தர முடியுமா என்று கூகுள் தரப்பிலிருந்து கேட்டார்கள். இலவசமாக. வார்னர் மறுத்தார். 2016 பிப்ரவரியில் பார்த்தால், தன் தளத்தில் இருந்த சுமார் 25,000 பேரின் எண்களும் தேடல் பக்கத்தின் உச்சியில் கட்டம் கட்டமாக நின்றன என்கிறார் அவர். ஓராண்டில் தளத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 65 சதவீதம் சரிந்தது. வேலைக்கு இருந்தவர்களில் பாதிப் பேரை அனுப்ப வேண்டிவந்தது.

தன் தளத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவர் ஒரு காரியம் செய்தார். பிரபலங்களே அல்லாத தன் நண்பர்கள் சிலரின் பெயரில் போலிப் பதிவுகளைத் தளத்தில் சேர்த்தார். அவர்களின் 'சொத்து மதிப்பும்' அப்படியே கூகுளின் கட்டத்தில் வந்தது.

ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளத்தின் கதை இன்னும் நுட்பமானது. பாட்டைக் கேட்டு வரியை எழுதி, பிழை பார்த்து, பொருளும் எழுதி வைப்பது அந்தத் தளத்தைச் சுற்றியிருந்த ஆர்வலர்களின் வேலை. தங்கள் வரிகள் அப்படியே கூகுளின் கட்டத்தில் வருகின்றன என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. பாட்டு ஒன்றுதானே, யார் எழுதினாலும் அதே வரிதானே வரும், எப்படி நிரூபிப்பது? ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே போடும் ஒற்றைக் குறி இரண்டு வடிவத்தில் உண்டு, நேராக ஒன்று, வளைந்து ஒன்று. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வரிகளில் இந்த இரண்டையும் ஓர் ஒழுங்கில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்த ஒழுங்கைத் தந்திக் குறியீட்டில் படித்தால் 'ரெட் ஹேண்டட்' என்று வரும், நம் பேச்சில் சொன்னால் கையும் களவுமாக. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் அதே குறிகள் அதே வரிசையில் கூகுளின் கட்டத்தில் இருந்ததை 2019இல் அவர்கள் வெளிப்படுத்தினார்கள்.

வரிகளை உரிமம் பெற்ற கூட்டாளி நிறுவனத்திடமிருந்து வாங்குகிறோம் என்றது கூகுள். ஜீனியஸ் வழக்குப் போட்டது. நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பாடல் வரிகளின் பதிப்புரிமை பாடலாசிரியர்களுடையது, கேட்டு எழுதிய உங்களுக்கு அதில் உரிமை கிடையாது என்பது சாரம். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது. சேகரிப்பது, சரிபார்ப்பது, ஒழுங்குபடுத்துவது என்ற உழைப்பைச் சட்டம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இணையத்தில் பயனுள்ளது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அந்த வகை உழைப்புதான். பேருந்து நேரம், பூச்சிமருந்து அளவு, பழைய படத்தின் பாடல் பட்டியல், ஓர் ஊர்ப் பெயரின் வரலாறு எல்லாம் அதில் சேரும்.

தளக்காரர்களும் இதற்கு ஒரு வகையில் உதவினார்கள். 2011இல் பெரிய தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து 'ஸ்கீமா' என்ற பொதுக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தன. இது சமையல் குறிப்பு, இது வேகும் நேரம், இது விலை என்று பக்கத்துக்குள்ளேயே இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதி வைக்கலாம். அப்படி எழுதினால் தேடலில் எடுப்பாகத் தெரிவீர்கள் என்றார்கள், எல்லோரும் மெனக்கெட்டு எழுதினார்கள். சில ஆண்டு எடுப்பாகத் தெரிந்ததும் உண்மை. ஆனால் பதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குக் கோடு போட்டுக் காட்டியவர்களும் அவர்கள்தான்.

எண்கள் சொல்வது

ஜீரோ கிளிக்கைத் தொடர்ந்து அளந்துவருகிறவர் ராண்ட் ஃபிஷ்கின். ஸ்பார்க்டோரோ என்ற நிறுவனத்தை நடத்துகிறவர். தேடல்களில் பாதிக்கு மேல் கிளிக் இல்லாமல் முடிகின்றன என்று 2019இல் அவர் முதலில் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2024இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவில் 58.5 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 59.7 சதவீதம் என்று வந்தது. மீதியும் முழுக்க வெளியே போகவில்லை. யூடியூப், வரைபடம் போன்ற கூகுளின் சொந்த இடங்களுக்கே கிளிக்குகளில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போகின்றன. அமெரிக்காவில் 1,000 தேடலுக்கு 360 கிளிக்குகள் மட்டுமே கூகுளுக்குச் சொந்தமில்லாத, கூகுளுக்கு விளம்பரப் பணம் கொடுக்காத தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கணக்கைக் கூகுள் ஏற்கவில்லை. 2021இல் இதேபோன்ற ஓர் ஆய்வு வந்தபோது, தேடியவர் சொல்லை மாற்றித் திரும்பத் தேடுவதும், செயலிக்கு நேராகப் போவதும் கிளிக் இல்லாத தேடலாகத்தான் பதிவாகும், தினமும் பல நூறு கோடிக் கிளிக்குகளைத் தளங்களுக்கு அனுப்புகிறோம் என்று பதில் எழுதியது. முதல் பகுதி நியாயமான வாதம். 2024 ஆய்விலேயே அந்த 58.5இல் ஒரு பங்கு சொல்லை மாற்றித் தேடியவர்கள்தான் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சொல்லை மாற்றாமல், எதையும் அழுத்தாமல் அப்படியே நின்றவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இவை பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் பரவுவதற்கு முந்தைய எண்கள். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. கேள்வி கேட்டால் இணைப்புப் பட்டியல் வராமல் நேராகப் பேச்சே பதிலாக வரும் என்பது ஜனங்களுக்குப் பழகிவிட்டது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் 'ஏஐ ஓவர்வியூஸ்' என்ற சுருக்கத்தைத் தேடலின் உச்சியில் வைத்தது. ஆகஸ்டில் அது இந்தியாவுக்கும் வந்தது.

பழைய கட்டத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பழையது ஒரு தளத்தின் பத்தியை அப்படியே வெட்டி வைத்து, கீழே அந்தத் தளத்தின் பெயரையும் போடும். இது பல பக்கங்களைப் படித்துக் கலக்கிப் புதிதாக ஒரு பத்தி எழுதுகிறது. எந்த வாக்கியம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இணைப்புகள் ஓரத்தில் சின்னதாக இருக்கும். அதைவிட முக்கியம், முன்பு கட்டத்துக்குள் அடங்காத கேள்விகளும் இப்போது அடங்குகின்றன. ஏன், எப்படி, இதுவா அதுவா என்ற கேள்விகளுக்கு முன்பெல்லாம் நாலு பக்கமாவது படித்தாக வேண்டும்.

பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதம் 900 அமெரிக்கர்களின் உலாவிகளை அவர்கள் சம்மதத்தோடு கவனித்தது. தேடல்களில் 18 சதவீதத்துக்குச் சுருக்கம் வந்தது. ஒன்றிரண்டு சொல்லில் தேடினால் 8 சதவீதம்தான், பத்துச் சொல்லோ அதற்கு மேலோ எழுதித் தேடினால் 53 சதவீதம். அதாவது, ஒருவர் எவ்வளவு விளக்கமாகக் கேட்கிறாரோ அவ்வளவுக்குச் சுருக்கம் வருகிறது. சுருக்கம் இல்லாத பக்கத்தில் 15 சதவீதம் முறை ஏதாவது ஒரு இணைப்பை அழுத்தினார்கள், சுருக்கம் வந்தபோது 8 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே கொடுத்திருந்த ஆதார இணைப்பை அழுத்தியது 1 சதவீதம். நூறு முறைக்கு ஒரு முறை. 'ஆதாரத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறோமே' என்ற சமாதானத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வருகிறது.

இந்த ஆய்வு முறையிலும் குறை இருப்பதாகக் கூகுள் சொன்னது. மொத்தக் கிளிக்குகள் ஏறக்குறைய முன்போலவே இருப்பதாகவும் 2025 ஆகஸ்டில் எழுதியது. அதற்கான எண்களை வெளியிடவில்லை.

வெட்டும் இடம்

சுருக்கினால் சில விவரம் போகும், அது இயல்புதானே என்று கேட்கலாம். சில நேரம் போகக்கூடாத இடத்தில் வெட்டு விழுகிறது. 2021 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். வலிப்பு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடியபோது கூகுளின் கட்டம் ஒரு பட்டியலைக் காட்டியது. ஆளை அழுத்திப் பிடியுங்கள், வாயில் எதையாவது வையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. பட்டியல் வந்தது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவத் தளத்திலிருந்து. அந்தத் தளத்தில் அது சரியாகவே இருந்தது, 'இவற்றைச் செய்யாதீர்கள்' என்ற தலைப்பின் கீழ். தலைப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துவிட்டது இயந்திரம். பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

அதே ஆண்டு ஜூனில் நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு கொந்தளிப்பு. இந்தியாவிலேயே அசிங்கமான மொழி எது என்று யாரோ தேட, கட்டம் 'கன்னடம்' என்றது. கடன் ஆலோசனை பற்றிய ஏதோ ஒரு பேர் தெரியாத தளத்தில் யாரோ எழுதி வைத்த வாக்கியம் அது. கர்நாடக அமைச்சர் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார், கூகுள் மன்னிப்புக் கேட்டு நீக்கியது. அந்த வாக்கியம் அந்தத் தளத்திலேயே கிடந்திருந்தால் படிக்கிறவர் தளத்தின் லட்சணத்தைப் பார்த்தே ஒதுக்கியிருப்பார். கட்டத்துக்குள் வந்ததும் அது ஒரு நிறுவனத்தின் தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. யார் சொன்னது என்பதை மறைத்துவிட்டால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்று சொல்லக் கட்டத்துக்குத் தெரியவில்லை.

2024 மே மாதம் ஏஐ சுருக்கம் வந்த சில நாள்களிலேயே, பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்று சொன்னதும் இதே வகைதான். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பதினொரு ஆண்டுக்கு முன்பு ஒருவர் விளையாட்டாக எழுதிய வரி. அங்கே நடந்த பேச்சோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும். தனியே எடுத்தால் அது சமையல் குறிப்பு.

விலகிக்கொள்ளலாமே?

பிடிக்கவில்லை என்றால் தளத்தை மூடிக்கொள்ள வேண்டியதுதானே என்பது அடிக்கடி வரும் கேள்வி. வழி இருக்கிறது. என் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட எடுத்துக் காட்டாதே என்று ஒரு குறியைப் போட்டுவிட்டால் கூகுள் எடுக்காது. ஆனால் அப்போது சாதாரணத் தேடல் பட்டியலிலும் உங்கள் இணைப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு வரி போய்விடும். வெறும் தலைப்பு மட்டும் நிற்கும். யார் அழுத்துவார்கள்? செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு என் எழுத்தைத் தரமாட்டேன் என்று சொல்ல 2023இல் தனியாக ஒரு வசதி கொடுத்தார்கள். தேடல் பக்கத்தின் ஏஐ சுருக்கத்துக்கு அது பொருந்தாது. அது தேடலின் ஒரு பகுதி என்பது கூகுளின் நிலை.

விலகிப் பார்த்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் மிகப்பெரிய பத்திரிகை நிறுவனங்களில் ஒன்றான ஆக்செல் ஸ்பிரிங்கர், துண்டு வரிகளைக் காட்டுவதற்குக் கட்டணம் கேட்டு, 2014இல் தன் தளங்கள் நான்கின் துண்டு வரிகளைக் கூகுள் காட்டாமல் நிறுத்தும் நிலைக்குப் போனது. இரண்டே வாரம்தான். கூகுள் தேடலிலிருந்து வந்த வாசகர்கள் 40 சதவீதமும், கூகுள் நியூஸிலிருந்து வந்தவர்கள் 80 சதவீதமும் குறைந்தார்கள். நவம்பரில் நிறுவனமே இறங்கிவந்து, இலவசமாகவே காட்டிக்கொள்ளுங்கள் என்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால் தனியாளாக ஒரு சமையல் தளம் நடத்துகிறவர் என்ன பேரம் பேச முடியும்? தேடல் சந்தையில் சுமார் 90 சதவீதம் ஒரே கையில் இருக்கிறது, அதைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். கூட்டமெல்லாம் ஒரே தெரு வழியாக வருகிறது, தெருவின் சொந்தக்காரர் சொல்வதுதான் விதி.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் பக்கத்தைத் திறக்கத் தயங்குவதற்குத் தளங்களும் காரணம். ஒரு ரசப்பொடி அளவு பார்க்கப் போனால் ஏழு விளம்பரம் துள்ளிக் குதிக்கிறது, அறிவிப்பு அனுப்பட்டுமா என்று கேட்கிறது, தானாக ஒரு காணொளி ஓடுகிறது, பொடியின் அளவு வருவதற்குள் ஆயிரம் சொல் கடக்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் சொல் எழுதினால்தான் தேடலில் மேலே வரும் என்று நம்பி எழுதியது அது. மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவர் கட்டத்திலேயே நின்றுகொண்டால் அவரை எப்படிக் குறை சொல்வது? வருகை குறையக் குறைய, வருகிற சிலரிடமே எல்லாவற்றையும் கறக்கப் பார்க்கிறார்கள், விளம்பரம் கூடுகிறது. அதைப் பார்த்து இன்னும் சிலர் வராமல் நிற்கிறார்கள்.

தமிழுக்கு என்ன ஆகும்

விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அது விளம்பரம் போடுவதில்லை, வாசகர் வந்தால்தான் காசு என்ற நிலை அதற்கு இல்லை. அப்படியிருந்தும் 2025 அக்டோபரில் அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கவலையை வெளியிட்டது. மனிதர்கள் வந்து பார்க்கும் பக்கங்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருக்கிறது. தகவல் போய்ச் சேருகிறது, ஆட்கள் வருவதில்லை. இதற்கிடையே இயந்திரங்கள் வந்து அள்ளிக்கொண்டு போவது கூடியிருக்கிறது. அதன் வழங்கிகளுக்கு (சர்வர்களுக்கு) மிக அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் நிரல்களால் வருவது என்று அதே ஆண்டு ஏப்ரலில் சொன்னார்கள். கூகுள் 2022இல் விக்கிமீடியாவின் கட்டணச் சேவையில் சேர்ந்தது, அது நல்ல காரியம்தான். ஆனால் காசால் மட்டும் சரியாகாத ஒன்று இதில் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் சம்பளமில்லாமல் எழுதியவர்கள் கட்டியது. அதில் எழுத வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதையோ தேடிப் போனேன், எங்கள் ஊரைப் பற்றித் தப்பாகப் போட்டிருந்தது, மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தித் திருத்தினேன், அப்படியே எழுத ஆரம்பித்துவிட்டேன் என்ற மாதிரிக் கதைதான் பெரும்பாலும் வரும். வாசகராக வந்து எழுத்தாளராக மாறும் வாசல் அந்தப் பொத்தான். தேடல் பக்கத்தின் கட்டத்தில் 'தொகு' பொத்தான் கிடையாது. தப்பைப் பார்த்தாலும் 'கருத்துத் தெரிவி' என்பதை அழுத்தி யாருக்கோ அனுப்பிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் ஒரு தலைப்புக்கு ஆயிரம் பக்கம் இருக்கும். நூறு பேர் எழுதுவதை நிறுத்தினாலும் தொள்ளாயிரம் மிஞ்சும். தமிழில் பல தலைப்புகளுக்கு இரண்டோ மூன்றோ பக்கம்தான். நெல்லில் வரும் ஒரு நோய்க்கு நம் மண்ணுக்கேற்ற மருந்து, ஒரு சிறு கோயிலின் கல்வெட்டுச் செய்தி, ஒரு மாவட்டத்துப் பேச்சுவழக்கின் சொற்பட்டியல் இவற்றையெல்லாம் எழுதியவர் ஒருவராகவே இருக்கக்கூடும். அவருக்குக் கிடைப்பது காசுகூட இல்லை. இந்த மாதம் முந்நூறு பேர் படித்தார்கள் என்ற எண்ணும், 'ஐயா, எங்கள் ஊர்க் கோயிலிலும் இதே மாதிரி ஒரு கல் இருக்கிறது' என்று வரும் ஒரு பின்னூட்டமும்தான். அந்த முந்நூறு முப்பதானால் அவர் வழக்குப் போட மாட்டார், பேட்டி கொடுக்க மாட்டார். அடுத்த பதிவை எழுத மாட்டார், அவ்வளவுதான். அந்தத் தலைப்பில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

இயந்திரத்துக்கும் அது நல்லதல்ல. தமிழில் அது பிழையாகச் சொல்லும்போது, படிக்கத் தமிழில் போதுமான எழுத்து இல்லை என்று காரணம் சொல்கிறோம். இருக்கிற எழுத்தை எழுதியவர்களையும் சோரவைத்துவிட்டால் அது எங்கே போய்ப் படிக்கும்?

நிரலாளர்கள் தங்கள் சந்தேகங்களைக் கேட்டுத் தீர்த்துக்கொண்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இந்த நிலை கண்ணுக்குத் தெரியவே வந்துவிட்டது. 2008இல் தொடங்கிய தளம். சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே புதிதாகக் கேட்கப்படும் கேள்விகள் வேகமாகக் குறைந்தன. அந்த இயந்திரம் நிரல் கற்றுக்கொண்டதில் அந்தத் தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது கேள்வியும் பதிலும் ஒருவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன, அடுத்தவர் கண்ணில் படுவதில்லை.

சட்டப் போராட்டங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. மாணவர்களுக்குப் பாட உதவி செய்யும் செக் நிறுவனம் 2025 பிப்ரவரியில் கூகுள்மீது வழக்குப் போட்டது. செப்டம்பரில் ரோலிங் ஸ்டோன் இதழை நடத்தும் பென்ஸ்கி குழுமம் போட்டது. தேடலில் தெரிய வேண்டுமென்றால் சுருக்கத்துக்கும் எழுத்தைக் கொடு என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என்பதுதான் இவர்களின் வாதத்தின் மையம். இந்த வழக்குகளில் என்ன முடிவானாலும் அது முதலில் போய்ச் சேருவது வக்கீல் வைக்க முடிந்தவர்களிடம்தான்.

படிக்கிறவர் கையில் இருப்பது சின்ன விஷயம், ஆனாலும் சொல்கிறேன். ஏஐ சுருக்கம் வந்த அதே 2024 மே மாதத்தில் கூகுள் தேடலில் 'வெப்' என்று ஒரு வடிகட்டியையும் சேர்த்தார்கள். தேடிய பிறகு மேலே படங்கள், காணொளிகள் என்று வரும் வரிசையில், சில நேரம் 'மேலும்' என்பதற்குள், அது இருக்கும். அழுத்தினால் கட்டம், சுருக்கம், காணொளி எல்லாம் விலகி வெறும் இணைப்புகள் மட்டும் நிற்கும்.

நான் அப்படித்தான் இட்லி மாவைத் தேடினேன். மூன்றாவதாக வந்த பக்கத்தைத் திறந்தேன். நாலுக்கு ஒன்று என்பதைத் தாண்டிக் கீழே போனால், உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதையே தெளித்து ஆட்டினால் குளிர்காலத்திலும் மாவு பொங்கும் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஒருவர், எங்கள் ஊரில் தண்ணீர் உப்பு, அப்போதும் இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டிருந்தார். எழுதிய அம்மா மறுநாளே பதில் சொல்லியிருந்தார்.